வெளிநாடுகளின் அழுத்தம் எதைச் சாதிக்கும்? சிலி நாட்டின் அநுபவம்



'இராஜதந்திர அழுத்தம்' என்னும் தொடரைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கின்றோம். ஜெனீவாவில் ஒரு தீர்மானம் நிறைவேறுகிறது. ஒரு தூதுவர் திருப்பியழைக்கப்படுகிறார். ஓர் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. இதை வாசித்ததும் சிலர், இனி எல்லாம் சரிவந்துவிடும் என்று நம்புகின்றனர். வேறு சிலரோ, இதெல்லாம் வெறும் கடதாசி என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றனர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே எமது எண்ணம். ஓர் அரசு தன் குடிமக்களையே வதைக்கும்போது பிற அரசுகளால் என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடிவதில்லை, எப்போது செய்கின்றன, ஏன் செய்யாது விடுகின்றன என்பவற்றை ஒரே ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் சிலி நாடே அது. அதன் தலைநகரின் பெயர் சந்தியாகோ. நாம் யாகப்பர் என்றும் சந்தியோகுமையோர் என்றும் வழங்கும் அப்போஸ்தலரின் பெயரே அது. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சித்திரவதை செய்யப்பட்டவர்களும் கத்தோலிக்கர், செய்தவர்களும் கத்தோலிக்கர். இதை மறந்துவிட்டு இக்கதையை வாசிக்கலாகாது.

1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, தேர்தலில் வென்று பதவிக்கு வந்திருந்த ஜனாதிபதி சல்வடோர் அயெந்தேயின் அரசை முப்படைகளும் பொலிஸ் படையும் சேர்ந்து கவிழ்த்தன. விமானப்படையின் ஹோக்கர் ஹண்டர் விமானங்கள் ஜனாதிபதி மாளிகைமீது குண்டு வீசின. அயெந்தே அம்மாளிகைக்குள்ளேயே உயிரிழந்தார். தரைப்படைத் தளபதி ஒகஸ்தோ பினோசே நாட்டின் அதிபரானார். பாராளுமன்றம் மூடப்பட்டது, கட்சிகள் தடைசெய்யப்பட்டன, வாக்காளர் இடாப்புகளும் அழிக்கப்பட்டன. விளையாட்டரங்கு சிறைக்கூடமாயிற்று.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் கூறவேண்டும். அயெந்தேயின் ஆட்சி நிலைகொள்ளாதபடி அமெரிக்காவின் நிக்சன் அரசு இரகசியமாகப் பணம் செலவிட்டு வந்தது. இதை அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழுவே 1975இல் வெளியிட்டது. பிற்காலத்தில் சிலியின் சனநாயகத்துக்காகக் குரல் கொடுத்த அதே அரசுதான் முன்னர் அந்தச் சனநாயகத்தின் வேரை ஆட்டியது. 'பெரிய வல்லரசு ஒன்று நமக்காகப் பேசுகிறது' என்று மகிழ்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கர்தினாலின் காரியாலயம்

அழுத்தம் என்பது வெளிநாட்டுத் தலைநகரொன்றில் தானாகவே பிறப்பதில்லை. யாரோ ஒருவர் உள்நாட்டில் இருந்துகொண்டு பெயர், திகதி, இடம், சாட்சி ஆகியவற்றை எழுதி வைத்திருக்கவேண்டும். சிலியில் அதைச் செய்தது திருச்சபை.

1973 ஒக்டோபரிலேயே கத்தோலிக்கரும், லுத்தரன், மெதடிஸ்ற் சபையினரும், யூத சமயத்தவரும் சேர்ந்து சமாதானத்துக்கான ஒரு குழுவை நிறுவினர். கைதானவர்களின் குடும்பங்கள் அங்கே திரண்டன. குழுவைக் கலைக்கும்படி 1975இன் இறுதியில் பினோசே நெருக்கியபோது, சந்தியாகோ அதிமேற்றிராணியார் கர்தினால் ராவுல் சில்வா ஹென்றிக்கஸ் அதற்கு இணங்கினார். ஆனால் 1976 ஜனவரி முதலாந் திகதியே, தமது சொந்த அதிமேற்றிராசனத்தின் அங்கமாக 'தோழமைக்கான குருமுதல்வர் பணியகம்' ஒன்றைத் திறந்தார். பேராலயத்துக்கு அருகே, நகரின் நடுச் சதுக்கத்தில், எல்லாரும் காணும்படி அது இயங்கியது. பல சபைகளின் குழுவைக் கலைக்கச் சொல்வது அரசுக்கு இலகு. கர்தினாலின் காரியாலயத்தை இழுத்து மூடுவதாயின் உரோமாபுரியுடன் மோதவேண்டும். சலேசிய சபைக் குருவாயிருந்த அந்தக் கர்தினால், சட்டம் படித்தவருங்கூட.

அங்கே வழக்கறிஞர்களும், சமூக சேவகிகளும், வைத்தியர்களும் வேலை செய்தனர். காணாமற்போன ஒவ்வொருவருக்கும் ஒரு கோவை திறக்கப்பட்டது. நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. ஏற்கப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்படியானால் ஏன் தொடர்ந்து மனுப்போட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தள்ளப்பட்ட மனுவும் ஒரு பத்திரம். இன்ன மனிதன் இன்ன நாளில் இன்னாரால் கொண்டுசெல்லப்பட்டான் என்று அவனுடைய தாயோ மனைவியோ சத்தியம் செய்து சொன்ன கூற்று, திகதி முத்திரையுடன், அரசின் சொந்த நீதிமன்றப் பதிவிலேயே கிடந்தது. அந்தப் பிரதிகளே ஜெனீவாவுக்கும் நியூயோர்க்கிற்கும் போயின.

இப்பணிக்கு விலையும் கொடுக்கப்பட்டது. பணியகத்தின் ஆவணப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஹோசே மனுவேல் பராதா 1985 மார்ச்சில் கடத்தப்பட்டு, வேறு இருவருடன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். பொலிஸார்மீது விசாரணை திரும்பியதும் பொலிஸ் தளபதி மெந்தோசா பதவி விலக நேர்ந்தது. பிரெஞ்சுக் குருவானவர் அந்திரே ஜர்லான் 1984 செப்டெம்பரில் ஏழைகளின் குடியிருப்பொன்றில் தம் அறையிலிருந்து வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தபோது, பலகைச் சுவரைத் துளைத்து வந்த பொலிஸ் குண்டு பட்டு மாண்டார்.

உள்நாட்டு விவகாரமா?

எல்லா ஆட்சியாளரும் சொல்வதையே பினோசேயின் அரசும் சொன்னது: 'இது எமது உள்நாட்டு விவகாரம்.' அயல்வளவில் ஒரு பிள்ளை அடிபட்டு அலறுகையில், வேலிக்கு இப்பால் நிற்பவன் 'அது அவர்கள் வீட்டுச் சங்கதி' என்று சொல்லலாமா? ஒரு மனிதனின் உரிமைகள் அவனுடைய மனித இயல்பிலிருந்தே பிறக்கின்றன என்று பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் எழுதிய சமாதானச் சுற்றுமடல் போதிக்கின்றது. அரசு கொடுக்காத ஒன்றை அரசு பறிக்கவும் முடியாது. இவ்வளவில் கோட்பாடு தெளிவு. நடைமுறைதான் சிக்கலானது.

ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணைக்குழு 1975இல் சிலியைப் பற்றி ஆராயத் தனியொரு செயற்குழுவை நியமித்தது. முதலில் அனுமதிப்பதாகக் கூறிய அரசு, கடைசி வேளையில் கதவைச் சாத்திற்று. அதே ஆண்டில் ஐ.நா.வில் பேசிய சிலியின் பிரதிநிதி, காணாமற்போனவர்கள் எனச் சொல்லப்படுவோரிற் பலர் சட்டப்படி இவ்வுலகில் பிறந்தேயிராதவர்கள் என்று வாதிட்டார். செயற்குழு உள்ளே நுழைய 1978 ஜூலை வரை மூன்று ஆண்டுகள் சென்றன. ஆயினும் அந்த அநுபவத்திலிருந்தே, உலகெங்கும் பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 1980இல் பிறந்தது. 1991, 1992, 1999, 2015 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்ததும் அதே செயற்குழுவே. 'காணாமலாக்கப்பட்டோர்' என்ற சொல்லுக்கு எமது வாசகர்களுக்கு விளக்கம் எழுதவேண்டிய தேவையில்லை.

பிரித்தானியா விழித்துக்கொண்டது அதன் சொந்தப் பிரஜை ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்ட பின்னரே. ஷீலா கசிடி என்ற ஆங்கில வைத்தியர், காயப்பட்டுத் தலைமறைவாயிருந்த ஒருவருக்கு மருத்துவம் செய்தார். 1975 நவம்பரில், சந்தியாகோவில் கொலம்பன் சபைக் குருக்களின் இல்லத்தில் வைத்துப் பிடிக்கப்பட்டார். அவ்வேளை இல்லத்துப் பணிப்பெண் சுட்டுக் கொல்லப்பட்டாள். கசிடி மின்சாரத்தால் வதைக்கப்பட்டார். விடுதலையாகி அவர் நடந்ததைக் கூறியதும் பிரித்தானியா தன் தூதுவரைத் திருப்பியழைத்தது. 1980 வரை வேறொருவரை அனுப்பவில்லை. அதற்கு முன்னதாகவே ஸ்கொத்லாந்தின் ஈஸ்ற் கில்பிரைட் தொழிற்சாலையில், சிலியின் ஹோக்கர் ஹண்டர் விமான இயந்திரங்களைத் திருத்த மாட்டோம் என்று தொழிலாளர் மறுத்துவிட்டிருந்தனர். 1974 முதல் 1978 வரை அவ்வியந்திரங்கள் வெளியே மழையில் கிடந்தன. அரசுகள் தயங்கிய இடத்தில் தொழிலாளர் தயங்கவில்லை.

அமெரிக்கா இரட்டை நாக்குடன் பேசிய காலமும் இதுவே. 1976 ஜூனில் இராஜாங்கச் செயலாளர் ஹென்றி கீசிங்கர் சந்தியாகோவுக்கு வந்து, அமெரிக்க நாடுகளின் அமைப்பில் மனித உரிமை பற்றி உரையாற்றினார். ஆனால் பினோசேயைத் தனியே சந்தித்தபோது, அவ்வுரை சிலியைக் குறிவைத்ததல்ல என்று சமாதானம் கூறியிருந்ததைப் பின்னர் வெளியான அரசுப் பத்திரங்கள் காட்டுகின்றன. அதே ஆண்டில் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் முயற்சியால் சிலிக்கு ஆயுதம் விற்பதைக் காங்கிரஸ் தடைசெய்தது. ஒரே நாட்டின் இரு கைகள், இரு வேலைகள்.

இரு மரணங்கள், இரு நியாயங்கள்

இனி நாம் கூறப்போவதே இப்பாடத்தின் நடுக்கூறு. இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள்.

1976 செப்டெம்பர் 21ஆம் திகதி, அயெந்தேயின் முன்னாள் அமைச்சர் ஒர்லாந்தோ லெத்தேலியேர் வாஷிங்டன் நகர வீதியில் மோட்டார் வாகனக் குண்டுக்குப் பலியானார். அவருடன் பயணஞ் செய்த அமெரிக்க இளம் பெண் ரொனி மொஃபிற்றும் கொல்லப்பட்டார். குண்டு வைத்தது சிலியின் இரகசியப் பொலிஸ். தன் தலைநகரிலேயே நடந்த கொலையை அமெரிக்கா சும்மா விடவில்லை. 1977இல் அந்த இரகசியப் பொலிஸ் பெயரளவிலேனும் கலைக்கப்பட்டது. 1978 ஏப்ரலில், குண்டு வைத்த மைக்கல் டவுன்லி அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டான். அதே மாதத்தில் பினோசேயின் அரசு, 1973 முதல் அதுவரை நடந்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டமொன்றைப் பிறப்பித்தது. அமெரிக்காவின் நெருக்குதலால் அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு: லெத்தேலியேர் வழக்குக்கு மன்னிப்பு இல்லை!

அதே 1978 நவம்பரில், சந்தியாகோவுக்கு அண்மையிலுள்ள லொங்கேன் என்னும் இடத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளைகளுக்குள் மனித எலும்புகள் கிடப்பதாகத் திருச்சபைக்குத் தகவல் கிடைத்தது. துணை மேற்றிராணியார் என்றிக்கே அல்வேயாரும், பணியகத்தின் வழக்கறிஞர்களும், பத்திரிகையாளரும் நேரே சென்று பார்த்து, அதன்பின்பே உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். முன்னதாக அறிவித்திருந்தால் எலும்புகள் மறைந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எடுக்கப்பட்டவை 15 ஆண்களின் எச்சங்கள். 1973 ஒக்டோபரில் கிராமப் பொலிஸார் பிடித்துச் சென்ற விவசாயிகளும் இளைஞர்களும் அவர்கள். ஒரு தந்தையும் அவருடைய நான்கு புதல்வர்களும் அவர்களுள் அடங்குவர். 'பிறந்தேயிராதவர்கள்' என்று ஐ.நா.வில் சொல்லப்பட்ட பொய் அங்கே உடைந்தது.

விசாரணையில் பொலிஸாரின் பொறுப்பு வெளிப்பட்டது. ஆனால் 1979இல் இராணுவ நீதிமன்றம் அவர்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டத்தைப் பிரயோகித்து விடுவித்தது. அவர்களுக்கு எந்த விதிவிலக்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்காக நெருக்குதல் கொடுக்க வல்லரசு எதுவும் இருக்கவில்லை. அடக்கத் திருப்பலிக்காகக் குடும்பங்கள் தேவாலயத்தில் காத்திருந்த வேளையில், அதிகாரிகள் எச்சங்களைக் கொண்டுபோய்ப் பொதுக்குழியில் போட்டுவிட்டனர். அவை அடையாளங் காணப்பட்டு முறைப்படி அடக்கஞ் செய்யப்பட்டது 2010இல்.

வெளிநாட்டு அழுத்தத்தின் பலமும் பலவீனமும் இவ்விரு வழக்குகளிலும் அருகருகே தெரிகின்றன. அழுத்தம் வேலை செய்யும். ஆனால் கொடுப்பவனுக்கு நோகும் இடத்திலேயே முதலில் வேலை செய்யும்.

அழுத்தம் எதிர்விளைவையும் தரலாம். 1977 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை சிலியைக் கண்டித்ததும், பினோசே அதையே ஆயுதமாக்கிக் கொண்டார். 1978 ஜனவரி 4ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பை வைத்து, சர்வதேச ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தாய்நாட்டின் கௌரவத்தைக் காக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டார். வாக்குச்சீட்டில் 'ஆம்' என்பதற்கு மேல் தேசியக்கொடி. 'இல்லை' என்பதற்கு மேல் கறுப்புச் சின்னம். வாக்காளர் இடாப்பு இல்லை. நூற்றுக்கு 75 பேர் ஆதரவு என்று அறிவிக்கப்பட்டது.

காற்று திசை மாறியது

1981இல் ரேகன் பதவியேற்றபோது பினோசேக்கு மீண்டும் வாஷிங்டனில் நண்பர்கள் கிடைத்தனர். முந்திய கார்ட்டர் அரசு விதித்த தடைகளிற் சில தளர்த்தப்பட்டன. ஆனால் 1982இல் சிலியின் பொருளாதாரம் விழுந்தது. 1983 மே முதல், செப்புச் சுரங்கத் தொழிலாளரின் அழைப்பில் மக்கள் தெருவுக்கு வந்தனர். இல்லத்தரசிகள் இரவில் சட்டி பானைகளைத் தட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1985 ஓகஸ்டில் புதிய அதிமேற்றிராணியார் கர்தினால் ஹுவான் பிரான்சிஸ்கோ ஃபிரெஸ்னோவின் முயற்சியால், ஒருவரோடொருவர் பேசாதிருந்த 11 கட்சிகள் சனநாயகத்துக்குத் திரும்பும் உடன்படிக்கையொன்றில் கையெழுத்திட்டன. மாற்று வழி ஒன்று உள்நாட்டில் தென்பட்ட பின்பே அமெரிக்கா தன் நிலையை உண்மையாக மாற்றிற்று என்பதைக் கவனியுங்கள்.

பிடி எங்கே இருந்தது? கடனில். 1985 ஜூனில், உலக வங்கியின் கடன்களுக்கு அமெரிக்கா வாக்களியாதோ என்ற அச்சம் எழுந்தபோது, பினோசே முற்றுகை நிலைச் சட்டத்தை நீக்கினார். 1986 நவம்பரில் 25 கோடி டொலர் கடன் வாக்கெடுப்புக்கு வந்தபோது அமெரிக்கா ஒதுங்கியிருந்தது. கடன் கிடைத்தது, ஆனால் செய்தியும் கிடைத்தது. 1987 டிசெம்பரில், தொழிலாளர் உரிமைகளை மறுத்தமைக்காகச் சிலியின் ஏற்றுமதிப் பொருட்களுக்கிருந்த வரிச்சலுகை நிறுத்தப்பட்டது.

1985இன் இறுதியில் புதிய தூதுவராக வந்தவர் ஹரி பார்ன்ஸ். அதற்கு முன் இந்தியாவில் தூதுவராயிருந்தவர். அவர் எதிர்க்கட்சியினரையும் மனித உரிமைப் பணியாளரையும் வெளிப்படையாகச் சந்தித்தார். 1986 ஜூலை 2ஆம் திகதி, ரொட்றிகோ ரோஹாஸ் என்ற 19 வயது இளைஞனையும் கார்மென் குளோரியா கின்தானா என்ற மாணவியையும் இராணுவத்தினர் எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினர். இளைஞன் சில நாட்களில் இறந்தான். அவனுடைய மரணச் சடங்குக்கு அமெரிக்கத் தூதுவர் தம் மனைவியுடன் போனார். கூட்டத்தின்மீது கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. அதற்காக அமெரிக்க செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ் தம் நாட்டுத் தூதுவரையே கண்டித்தார். ஒரு செத்தவீட்டுக்குப் போவதும் இராஜதந்திரமே; எமது ஊர்களில் யார் செத்தவீட்டுக்குப் போனார், யார் போகவில்லை என்பதற்குள்ள கனத்தை நாம் அறிவோம். உயிர் பிழைத்த கின்தானாவைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 ஏப்ரலில் சிலிக்கு வந்தபோது சந்தித்தார்.

வாக்குச்சீட்டு

பினோசே தாமே 1980இல் இயற்றுவித்த அரசியலமைப்பில் ஒரு விதி இருந்தது: 1988இல் தளபதிகள் நியமிக்கும் ஒரே வேட்பாளரை மேலும் எட்டு ஆண்டுகளுக்கு ஏற்பதா என்று மக்கள் 'ஆம்', 'இல்லை' எனச் சொல்லவேண்டும். 1982 டிசெம்பரில் விளக்குக்கும் குடத்துக்குமிடையே வாக்களித்த எமது மூத்த வாசகர்களுக்கு இத்தகைய வாக்கெடுப்பு புதிதல்ல. இதில் பங்குபற்றுவது ஆட்சிக்கு நியாயம் கற்பிப்பதாகாதா என்று எதிர்க்கட்சிகளுக்குள் பெரும் வாதம் நடந்தது. ஈற்றில் பங்குபற்ற முடிவுசெய்தனர்.

1987 பெப்ரவரியில் வாக்காளர் பதிவு மீளத் தொடங்கியது. பதிவு செய்யும்படி பங்குகள்தோறும் ஊக்குவிக்கப்பட்டது. ஏறக்குறைய 74 இலட்சம் பேர் பதிவுசெய்தனர். 27 இரவுகள், இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் தலா 15 நிமிடம் கிடைத்தது. 'இல்லை' தரப்பு வானவில்லைச் சின்னமாகக் கொண்டு, அச்சத்தை மூட்டாமல் நம்பிக்கையைப் பேசியது. அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கிய பத்து இலட்சம் டொலர் வாக்காளர் கல்விக்கும் வாக்கெண்ணும் ஏற்பாடுகளுக்கும் உதவிற்று. 22,000க்கு மேற்பட்ட வாக்குச்சாவடி மேசைகளில் 'இல்லை' தரப்பின் பிரதிநிதிகள் இருந்து, தாமே தனிக்கணக்கு எடுத்தனர். ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் அடோல்போ சுவாரெஸ் உட்பட நூற்றுக்கணக்கான வெளிநாட்டு அவதானிகள் வந்திருந்தனர்.

வாக்கெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன், தோல்வி தெரிந்தால் குழப்பம் விளைவித்து வாக்கெடுப்பையே நிறுத்தும் யோசனை இருப்பதாகப் பார்ன்ஸுக்குத் தகவல் எட்டியது. வாஷிங்டன் உடனே சிலியின் தூதுவரை அழைத்து எச்சரித்ததுடன், ஒக்டோபர் 3ஆம் திகதி தன் கவலையைப் பகிரங்கமாகவும் வெளியிட்டது. இரகசியமாகச் செய்ய நினைத்ததை உலகம் முன்கூட்டியே அறிந்துவிட்டது.

ஒக்டோபர் 5ஆம் திகதி இரவு, அரசு முடிவுகளைச் சிறிது சிறிதாக, தனக்குச் சாதகமானவற்றையே முதலில் அறிவித்துக் கொண்டிருந்தது. நள்ளிரவையொட்டி ஜனாதிபதி மாளிகைக்கு வந்த விமானப்படைத் தளபதி பெர்னாண்டோ மத்தேய், 'இல்லை' தரப்பு வென்றுவிட்டதாக வாசலில் நின்ற நிருபர்களிடமே சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே பினோசே விசேட அதிகாரம் கேட்டபோது மற்றத் தளபதிகள் சம்மதிக்கவில்லை. 'இல்லை' 39 இலட்சத்து 67 ஆயிரம். 'ஆம்' 31 இலட்சத்து 19 ஆயிரம். வெளிநாட்டார் எவரும் அந்த இரவில் அம்மாளிகைக்குள் இல்லை. அங்கே 'முடியாது' என்று சொன்னவர்கள் பினோசேயின் சகபாடிகளே. ஆனால் வெளியே உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1989 டிசெம்பர் தேர்தலில் பற்றிசியோ அயில்வின் வென்று, 1990 மார்ச் 11ஆம் திகதி பதவியேற்றார். பினோசேயோ 1998 வரை தரைப்படைத் தளபதியாகவே இருந்தார். பின் ஆயுட்கால செனட்டரானார். 1998 ஒக்டோபரில், ஸ்பானிய நீதவானின் பிடியாணையின்பேரில் லண்டனில் கைதுசெய்யப்பட்டார். 2000இல் உடல்நலக் காரணங்காட்டி விடுவிக்கப்பட்டார். 2006இல், எவ்வழக்கிலும் தண்டிக்கப்படாமலே இறந்தார். இரகசியப் பொலிஸின் தலைவர் மனுவேல் கொந்த்ரேராஸுக்கு 1993இல் முதற் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது லெத்தேலியேர் வழக்கில்.

கர்தினால் தொடங்கிய பணியகம் 1992இல் மூடப்பட்டது. அதன் கோவைகள் மூடப்படவில்லை. அயில்வின் நியமித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, தன் 1991ஆம் ஆண்டு அறிக்கைக்கு அவற்றையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. நீதிமன்றங்கள் தள்ளிவிட்ட அந்த மனுக்கள் பின்னாளில் நீதிமன்றங்களுக்கே சான்றாயின. 2023 ஓகஸ்டில் சிலி அரசு, காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தேசியத் திட்டமொன்றை அறிவித்தது. அதுவரை எண்ணப்பட்ட 1,469 பேரில், கண்டெடுத்து அடையாளங் காணப்பட்டோர் 307 பேர். எஞ்சிய 1,162 பேரைத் தேடும் பொறுப்பை, ஐம்பது ஆண்டுகளின் பின் அரசே முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. அதுவரை தேடியவர்கள் அவர்களுடைய மனைவியரும் சகோதரிகளும் பிள்ளைகளுமே.